பனிக்குள் பதில் சொன்னவன்

“மச்சான்...!”

ராஜரத்தினத்தின் அலறல் மூடுபனிக்குள் பாய்ந்தது. எதிர்ப் பாறையில் மோதியது. உடைந்து திரும்பி வந்தது.

பதில் இல்லை!

ஒற்றையடிப் பாதை அந்த இடத்தில் பாறை விளிம்பை ஒட்டி வளைந்தது. விளிம்பில் ஒரு காலின் சப்பாத்து கிடந்தது. ஒற்றைச் சப்பாத்து. பக்கத்தில் பாசி வழித்தெடுத்தாற்போல் சிராய்ந்திருந்தது. அதன்மேல் ரத்தம்...

இன்னும் காயாத ரத்தம்!

விளிம்புக்கு அப்பால் வெள்ளை. வெறும் வெள்ளை. அதற்குள் எங்கோ ஆழத்தில் தண்ணீர் விழும் சத்தம்.

“காளிமுத்து மச்சான்...!”

நக்கிள்ஸ் மலைக்காடு வாயைத் திறக்கவில்லை.

பின்னால் தடதடவென்று காலடிகள். வழிகாட்டி ஹபீல் முதலில் வந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் அழகமுத்து.

“என்ன சேர்? என்னத்துக்கு இந்தச் சத்தம்?”

ராஜரத்தினம் கையை நீட்டிக் காட்டினான்.

“யா அல்லாஹ்!” ஹபீல் இரண்டடி பின்வாங்கினான்.

அழகமுத்து பாய்ந்து வந்து அந்தச் சப்பாத்தை எடுத்தான். நெஞ்சோடு அணைத்தான்.

“அத்தானோட சப்பாத்து! ஐயோ... எங்க அக்கா முகத்துல நான் எப்பிடி முழிப்பேன்?”

சட்டென்று திரும்பினான். கண்கள் சிவந்திருந்தன.

“ராஜாண்ணே... என்ன செஞ்சீங்க?”

“நானா?”

“உங்ககிட்டத் தனியாப் பேசணும்னு சொன்னாரேன்னு நான்தானே உங்கள இங்க அனுப்பினேன்! பேசித் தீத்துக்குவீங்கன்னு பாத்தா... ஆளையே தீத்துட்டீங்களே!”

ராஜரத்தினம் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு ஆத்திரம் வரவில்லை. பயம்கூட வரவில்லை. ஒரு வருஷமாக அவனுக்கு எதுவுமே வருவதில்லை.

பேராதனையில் பட்டம் வாங்கியவன். கண்டியில் ஒரு கந்தோரில் மேசை வேலை. மஹய்யாவயில் சின்ன வீடு. அந்த வீட்டில் போன வருஷம் வரை அவன் மனைவி பாலம்மா இருந்தாள்.

பாலம்மாவின் கூடப்பிறந்த அண்ணன்தான் காளிமுத்து. கலஹாத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, கம்பளையில் வாகன உதிரிப்பாகக் கடை போட்டு ஆளானவன். போன வருஷம் தங்கையைத் தாய்வீட்டில் விடுவதற்கு வேனில் ஏற்றிக்கொண்டு போனான். கலஹா ரோட்டில் ஒரு வளைவு. வேன் உருண்டது. காளிமுத்துவுக்கு முழங்கால் போயிற்று. பாலம்மாவுக்கு உயிர்.

“நான்தான் ஓட்டினேன்,” என்று பொலிஸில் சொன்னான் காளிமுத்து. வழக்கு இன்னும் முடியவில்லை.

அன்றிலிருந்து ராஜரத்தினம் அவனோடு பேசவில்லை.

போன வாரம் காளிமுத்து நொண்டிக்கொண்டே மஹய்யாவ வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றான்.

“பாலாவோட வருசத் தெவசம் வருது மாப்புள. அதுக்கு முந்தி ஒருநா என்கூட வா. நக்கிள்ஸ் காட்டப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாளே... அங்க போவோம். அங்க வச்சு உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“வர்றேன். ஆனா நீங்க ஓட்டினா ஏற மாட்டேன்.”

காளிமுத்து என்னவோ சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை. அதனால்தான் இன்று காலை வேனை அழகமுத்து ஓட்டினான். காளிமுத்துவின் மனைவி பாப்பம்மாவுக்குத் தம்பி. கம்பளை டவுன் பையன்.

இப்போது அந்த அழகமுத்து குமுறிக் குமுறி அழுதுகொண்டிருந்தான்!

“போன் வேலை செய்யாது இங்க,” என்றான் ஹபீல். “நான் கீழ டிக்கெட் குடுக்கிற கேட்டுக்கு ஓடிப்போய் பொலிஸக் கூட்டிட்டு வாறேன். நீங்க ரெண்டு பேரும் அசைய வாணாம்!”

பனி அவனை விழுங்கியது.

இரண்டு பேர் மட்டும். ஒரு விளிம்பு. சுற்றிலும் ஈரம் சொட்டும் மரங்கள். கிளைகளிலிருந்து தாடி தாடியாகப் பாசி தொங்கியது. காலடிச் சருகில் அட்டைகள் தலையைத் தூக்கி மோப்பம் பிடித்தன.

அழகமுத்துவின் அழுகை நின்றுவிட்டது. குழாயைத் திருகி மூடினாற்போல் நின்றது!

“காளிமுத்து அத்தான்...!” என்று பள்ளத்தைப் பார்த்துக் கத்தினான். திரும்பவும் கத்தினான். காதைக் கொடுத்துக் கேட்டான்.

“முடிஞ்சிருச்சுண்ணே. இதுக்குள்ள விழுந்தவன் எவன் பேசப்போறான்?”

ஒரு மணி நேரம் போயிருக்கும். அவன் மெதுவாக ராஜரத்தினத்தின் பக்கம் வந்தான்.

“அண்ணே... கீழ ஏதோ வெள்ளையா தெரியுது பாருங்க. அத்தான் சட்ட மாதிரி.”

“எங்க?”

“இன்னும் கொஞ்சம் முன்னால போய் எட்டிப் பாருங்க. அந்தக் கல்லு மேல கால வைங்க.”

கல் ஈரமாக இருந்தது. பளபளத்தது. வேறு எவனாக இருந்தாலும் யோசித்திருப்பான். ராஜரத்தினம் காலை எடுத்து வைத்தான். விளிம்புகள் மேல் அவனுக்கிருந்த பயம் போய் ஒரு வருஷமாகிறது.

முதுகுக்குப் பின்னால் சருகு நொறுங்கியது. மூச்சுக்காற்று பிடரியில் பட்டது...

விர்ர்ர்ர்!

பொலிஸ் விசில்!

அழகமுத்து சட்டென்று அவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தான்.

“பாத்துண்ணே! தற்கொலை பண்ணிக்கத்தான் பாக்குறீங்களா?” அழுகை திரும்பி வந்திருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் பளீல் குட்டையான ஆள். ஏறி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. ஆனால் கண்களுக்கு மூச்சு வாங்கவில்லை. ரத்தத்தையும், சப்பாத்தையும், இரண்டு முகங்களையும் ஒரே சுற்றில் பார்த்து முடித்தார். கூடவே இரண்டு கான்ஸ்டபிள்கள். தோளில் கயிற்றுச் சுருளோடு வனக் காவலர்கள் மூன்று பேர். பின்னால் ஹபீல்.

அவர் விளிம்பில் நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

“காளிமுத்து! ஏய், காளிமுத்து!”

தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

“பனி வெலகினாத்தான் பொணத்தத் தேட ஏலும் சேர்,” என்றார் வனக் காவலர் ஒருவர்.

பளீல் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார்.

“ஹபீல்! நடந்தத நடந்த மாதிரி சொல்லுங்க.”

“நான் முன்னுக்கு நடந்தேன் சேர். இந்தச் சேர் எனக்குப் பின்னுக்கு.” ராஜரத்தினத்தைக் காட்டினான். “மத்த ரெண்டு பேரும் பனியில பிந்திட்டாங்க. மேல சப்பட்டைப் பாறை ஈக்குதே, அதுல நின்டு ஒரு ஹூ சென்னேன். காட்டுல அதுதானே எங்கட பழக்கம்? ஹூ சென்னா ஹூ வரணும். வந்தா, ஆள் சொகமா வாராருன்டு அர்த்தம்.”

“வந்திச்சா?”

“டக்குன்டு வந்திச்சு! நான் வாய மூடல்ல, அதுக்குள்ள வந்திச்சு. அந்தச் சத்தம் ஓயக்குள்ள இந்தத் தம்பி பனியிலிருந்து வெளிய வந்திட்டாரு. ‘அத்தான் மெதுவா வாராரு, ராஜாண்ணனத் தனியா வரச் சென்னாரு’ன்டாரு. இந்தச் சேர் எறங்கிப் போனாரு. கொஞ்ச நேரத்துல கத்தினாரு.”

“தம்பி அதுக்குப் பொறகு எங்க?”

“என்னோடதான் சேர். ஒரு அடி நகரல்ல. பிஸ்கட் தின்டாரு.”

பளீல் விரலை மடக்கினார்.

“ஹூ வந்த நேரம் காளிமுத்து உசுரோட இருந்திருக்காரு. அதுக்குப் பொறகு அழகமுத்து ஹபீலோட. அப்ப, அந்த ஹூவுக்குப் பொறகு இந்தப் பக்கம் தனியா வந்த ஒரே ஆள்...”

“நான்தான்,” என்றான் ராஜரத்தினம்.

“பரவாயில்ல. படிச்ச ஆள். கணக்கு சீக்கிரம் வெளங்குது!”

“அவருக்கும் எங்க அத்தானுக்கும் ஒரு வருசமாப் பேச்சுவார்த்த இல்ல சேர்,” என்றான் அழகமுத்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “இவர் சம்சாரம் எறந்தது அத்தான் ஓட்டின வேன்லதான்.”

“அப்பிடியா?” பளீல் ராஜரத்தினத்தின் எதிரே வந்து அண்ணாந்து பார்த்தார். “மச்சான் செத்திருக்காரு. உங்க முகத்துல ஒரு சுருக்கத்தக் கூடக் காணமே?”

“முகம் போன வருசமே நின்னு போச்சு சேர்.”

“நின்ன கடிகாரத்தக் கோர்ட்ல காட்டேலாது தம்பி. கைய நீட்டுங்க.”

ராஜரத்தினம் நீட்டினான்.

விலங்கு குளிர்ந்தது. கம்பி போட்ட மறியலும் ஒரு வீடுதான். அங்கும் விளக்கை அணைப்பார்கள். அங்கும் விடியும். என்ன பெரிய வித்தியாசம்?

அப்போதுதான் சுப்பம்மாவின் முகம் வந்தது.

கலஹாவில் இருக்கிறாள் சுப்பம்மா. பாலம்மாவின் அம்மா. இன்று மாலைக்குள் யாராவது போய் அவளிடம் சொல்வார்கள். உன் மகளைக் கட்டியவன் உன் மகனைத் தள்ளிவிட்டான்!

ராஜரத்தினம் தலையை நிமிர்த்தினான். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அவனுக்குப் பயம் வந்தது.

இல்லை. அவள் அதை நம்பிக்கொண்டு சாகக்கூடாது!

யோசி... யோசி...

ஹபீல் என்ன சொன்னான்? டக்கென்று வந்தது. வாயை மூடுவதற்குள் வந்தது.

“ஹபீல்... எத்தன தடவ ஹூ சொன்னீங்க?”

“ஒருக்கா சேர்.”

“ஒரே ஒருக்காவா?”

“பதில் வந்திட்டே சேர். பொறகு என்னத்துக்கு?”

ராஜரத்தினம் கண்களை மூடினான். மஹய்யாவ வீடு தெரிந்தது. குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் பாலம்மா.

‘பாலா!’

பதில் வராது. நாலடி தூரத்தில் நிற்பாள். காது நன்றாகக் கேட்கும். வாயைத் திறக்க மாட்டாள்.

‘பாலா!’

‘என்னங்க?’

‘மொதல்லயே சொன்னா என்னவாம்?’

‘எங்க தோட்டத்துல அப்பிடித்தாங்க. மலங்காட்டுல முனி இருக்கு. அதுக்கு எல்லார் பேரும் தெரியும். பேர் சொல்லிக் கூப்பிடும். காட்டுக்குள்ள பேர் சொல்லிக் கூப்பிட்டா நாங்க வாயே தொறக்க மாட்டோம். ஹூன்னு கூப்பிட்டாலும் மொதல் ஹூவுக்குப் பதில் கெடையாது. முனி ஒருக்காத்தான் கூப்பிடும். ரெண்டாந்தரமும் ஹூ வந்தா மனுசன்!’

‘குசினியில ஏதுடி முனி?’

‘பழகிப் போச்சுங்க. எங்கண்ணன் என்னைய விட மோசம்!’

அவள் போன பிறகு ஒருநாள் அவன் தன்னை அறியாமல் அந்தக் குசினியைப் பார்த்துக் கூப்பிட்டான். ஒரு தடவை. இரண்டாவது தடவை கூப்பிடவில்லை. அதற்கும் பதில் வராமல் போனால் என்ன செய்வது?

ராஜரத்தினம் கண்களைத் திறந்தான்.

முதல் ஹூவுக்கு டக்கென்று பதில் சொன்னவன் காளிமுத்து இல்லை!

அது தோட்டத்து ஆள் இல்லை. டவுன் ஆள். காரியத்தை முடித்துவிட்டுப் பாதையில் ஏறி வந்தவன். பதில் வராவிட்டால் ஹபீல் தேடி இறங்கிவிடுவானே என்று பயந்து, பனிக்குள் நின்று, தானே குரல் கொடுத்தவன். ஹூவுக்குப் பேரும் இல்லை, முகமும் இல்லை. யார் வாயிலிருந்து வந்தாலும் அது ஹூதான்.

அப்படியானால்...

எல்லோரும் இவ்வளவு நேரம் காளிமுத்துவைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். காட்டுக்குள். பேர் சொல்லி!

அந்த அமைதிக்கு அர்த்தம் சாவு என்று யார் சொன்னது?

“சேர்! நான் கூப்பிட்டுப் பாக்கணும்.”

“நான் கத்தினது காணாதா?”

“ஒரு தடவ... இல்ல, ரெண்டு தடவ விடுங்க. அப்புறம் எங்க வேணாலும் கூட்டிப் போங்க.”

அழகமுத்து சிரித்தான். “புத்தி பெரண்டுபோச்சு சேர்!”

பளீல் சிரிக்கவில்லை. விலங்கின் மறுமுனையை இறுகப் பிடித்துக்கொண்டு விளிம்பு வரை கூட வந்தார்.

“கூப்பிடுங்க.”

“ஹூ...!”

பனி கேட்டுக்கொண்டது. பாறை திருப்பிச் சொன்னது. பிறகு தண்ணீர்ச் சத்தம்.

ஒன்றும் இல்லை.

“சரிதானேண்ணே? வாங்க,” என்றான் அழகமுத்து.

ராஜரத்தினம் இன்னும் ஓரடி முன்னால் நகர்ந்தான். ஒரு வருஷமாக அவன் கூப்பிடாமல் வைத்திருந்த அந்த இரண்டாவது தடவை! முழு மூச்சையும் இழுத்தான்.

“ஹூ...!”

ஓய்ந்தது.

தண்ணீர்...

தண்ணீர்...

அதற்கு அடியிலிருந்து, வேர்களுக்கும் கற்களுக்கும் நடுவிலிருந்து, மெலிந்து கிழிந்த ஒரு குரல்!

“ஹூ...!”

ஹபீலின் கையிலிருந்த கம்பு விழுந்தது.

“உசுரோட ஈக்கிறாரு! சேர், மனுசன் உசுரோட ஈக்கிறாரு!”

“கயிறு!” கத்தினார் பளீல். “கயித்தக் கொண்டு வாங்கடா!”

யாரும் எதிர்பார்க்கவில்லை... எல்லோருக்கும் முன்னால் அழகமுத்து கயிற்றின் மேல் பாய்ந்தான்!

“குடுங்க! நான் எறங்குறேன்! எங்க அத்தான், நான்தான் எறங்குவேன்!” இடுப்பில் கயிற்றைச் சுற்றத் தொடங்கினான்.

“நீ எறங்க வேணாம்.”

ராஜரத்தினம் விலங்கிட்ட கைகளால் கயிற்றைப் பிடித்திருந்தான். அவன் குரல் தாழ்ந்திருந்தது.

“விடுங்கண்ணே! உசுரு போகப் போகுது!”

“அதான் வேணாங்குறேன். நீ எறங்கினா நிச்சயம் போயிரும்!”

பளீலின் புருவம் ஏறியது. “என்ன தம்பி சொல்றீங்க?”

“இப்ப உங்க காதாலயே கேட்டீங்கல்ல சேர்? மச்சான் மொதல் ஹூவுக்குப் பதில் சொல்லல. தோட்டத்து ஆளுங்க யாரும் சொல்ல மாட்டாங்க. காட்டுல மொதல் கூப்பாடு முனியோடதுன்னு நம்புறவங்க. ஹபீல் கூப்பிட்டது ஒரே ஒருக்கா. அதுக்கு டக்குன்னு பதில் சொன்னது யாரு? அந்தச் சத்தம் ஓயிறதுக்குள்ள பனியிலருந்து வெளிய வந்தது யாரு?”

பளீல் மெல்லத் திரும்பினார்.

ஹபீலும் திரும்பினான்.

அழகமுத்துவின் முகம் பனியைவிட வெளுத்திருந்தது.

“என்ன சேர்... பேய்க்கதையெல்லாம் ஒரு சாட்சியா?”

“பேய்க்கதை சாட்சி இல்ல தம்பி,” என்றார் பளீல். “சாட்சி கீழ கெடக்குது. இப்ப மேல வரும். கயித்தக் கழட்டி வச்சிட்டு இப்பிடி ஓரமா உக்காருங்க.”

அழகமுத்து கயிற்றைக் கழற்றினான். கழற்றி...

சுருளோடு கான்ஸ்டபிளின் முகத்தில் வீசினான்! பாதையை விட்டுக் காட்டுக்குள் பாய்ந்தான். கிளைகள் முறிந்தன. பனி மூடிக்கொண்டது.

“பிடிங்க!” கத்தினார் வனக் காவலர் ஒருவர்.

இரண்டு கான்ஸ்டபிள்களும் ஓட எத்தனித்தார்கள். பளீல் கையைக் குறுக்கே நீட்டினார்.

“நில்லுங்க! பாதை தெரியாத காடு. நீங்களும் தொலைஞ்சா உங்களத் தேட யாரு போறது? வெளிய போக வழி ஒண்ணுதான். கீழ கேட்ல ஆள் நிக்குது. மொதல்ல கீழ கெடக்குறவரத் தூக்குங்க.”

ராஜரத்தினத்தின் விலங்கை அவர் கழற்றினார். மன்னிப்புக் கேட்கவில்லை. தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அது போதுமாக இருந்தது.

வனக் காவலர் ஒருவர் கயிற்றில் இறங்கினார். நெடுநேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கயிறு அசைந்தது. எல்லோரும் இழுத்தார்கள். ராஜரத்தினத்தின் உள்ளங்கை கிழிந்தது. அவன் விடவில்லை.

காளிமுத்து மேலே வந்தான். வேர்கள் பின்னிய ஒரு திட்டு அவனைத் தாங்கிப் பிடித்திருந்தது. தலையில் காயம். கால் ஒன்று முறிந்து தொங்கியது. கழுத்திலும் கையிலும் அட்டைகள் கொழுத்துத் தொங்கின.

“ஏய்யா,” என்றார் பளீல், “இவ்வளவு நேரமாத் தொண்டை கிழிய உம்ம பேரச் சொல்லிக் கத்தினேனே. ஒரு சத்தம் குடுத்தா என்ன?”

“மயக்கம் தெளிஞ்சப்ப கேட்டுச்சுங்க...” காளிமுத்து முனகினான். “முனின்னு நெனச்சேன்.”

“முனியா?”

“ரொம்ப அதட்டலா இருந்திச்சு. பொலிஸுன்னு தெரியலங்க.”

கான்ஸ்டபிள் ஒருவன் இருமலில் சிரிப்பை மறைத்தான்.

ராஜரத்தினம் மண்டியிட்டு அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். காளிமுத்து அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

“மாப்புள... உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு சொன்னேன்ல?”

“அப்புறம் சொல்லலாம் மச்சான்.”

“இல்ல. ஒரு வருசமா அப்புறம் அப்புறம்னுதான் போயிருச்சு.” மூச்சு வாங்கியது. “அன்னைக்கு வேன ஓட்டினது நான் இல்ல மாப்புள.”

ராஜரத்தினத்தின் கை நின்றது.

“அழகமுத்து ஓட்டினான். குடிச்சிருந்தான். எனக்குத் தெரியல... வளைவுல வச்சுத்தான் தெரிஞ்சுது. அவன் மறியலுக்குப் போனா நான் உசுரோட இருக்க மாட்டேன்னு பாப்பம்மா என் கால்ல விழுந்தா. நான் ஏத்துக்கிட்டேன். ஆனா வருசத் தெவசத்துல பாலா படத்துக்கு முன்னால அந்தப் பொய்யோட உக்கார என்னால முடியல. இன்னைக்கு உங்கிட்டச் சொல்லிட்டுப் பொலிஸுக்குப் போகப்போறேன்னு அவங்கிட்டச் சொன்னேன். ‘சரி அத்தான், வாங்க நடப்போம்’னான். அப்புறம் முதுகுல...”

முடிக்கவில்லை. முடிக்க வேண்டியிருக்கவில்லை.

இன்று காலை. அதே அழகமுத்து ஓட்டிய வேன். அவன் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு நிம்மதியாகச் சாய்ந்துகொண்டு வந்தவன் ராஜரத்தினம்!

ஒரு வருஷமாக நின்றிருந்த முகம் அசைந்தது. முதலில் உதடு. பிறகு எல்லாம். அவன் காளிமுத்துவின் சேறு படிந்த கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான்.

“போவோம் மச்சான்,” என்றான் கடைசியில். “மொதல்ல ஆஸ்பத்திரி. அப்புறம் கலஹாவுக்குப் போவோம். அத்தைக்கிட்ட ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லுவோம்.”

“மாப்புள வந்தா வேன்ல ஏறுவேன்,” என்றான் காளிமுத்து. “ஆனா யாராச்சும் நல்ல டிரைவராப் பாரு.”

கம்புகளையும் கயிற்றையும் கட்டிச் செய்த ஸ்ட்ரெச்சரில் காளிமுத்துவைத் தூக்கினார்கள்.

அப்போது...

காட்டின் அடிவயிற்றிலிருந்து, மேற்கா கிழக்கா என்று சொல்ல முடியாத எங்கிருந்தோ, ஒரு குரல்.

“ஹூ...!”

எல்லோரும் நின்றார்கள். வெளிச்சம் பச்சையாக மங்கிக்கொண்டிருந்தது. மழை வருவதற்கான இருட்டு.

“ஹூ...! ஐயோ... யாராச்சும் வாங்களேன்! அட்டை கடிக்குது! வழி தெரியல...!”

அழகமுத்து!

கான்ஸ்டபிள்கள் பளீலின் முகத்தைப் பார்த்தார்கள். ஹபீல் கம்பைக் கையில் எடுத்தான்.

“பாவம், வழி தவறிட்டாரு போல ஈக்கி. நான் போய்க் கூட்டிட்டு வரட்டா சேர்?”

சப்-இன்ஸ்பெக்டர் பளீல் ஒரு கல்லின் மேல் சாவகாசமாக உட்கார்ந்தார். சப்பாத்தைக் கழற்றினார். காலுறைக்குள் ஏறியிருந்த ஓர் அட்டையைப் பிடுங்கிச் சுண்டினார்.

“அவசரமில்ல ஹபீல். மனுசன் டிக்கெட் எடுத்துத்தானே உள்ள வந்தாரு... காட்ட முழுசாச் சுத்திப் பாத்துட்டு வரட்டும்!”